பல் இம்ப்ளான்ட் உங்களுக்குப் பொருந்துமா? முடிவெடுக்கும் வழி, படிப்படியாக

இடது கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப் பதினோரு ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, அந்த இடத்தில் இம்ப்ளான்ட் வைக்கலாமா என்று கேட்கப் போனவன் நான். அதே ஆண்டில், கீழ்ப் பல் செட் வாயில் நிற்காமல் அவதிப்பட்ட என் அம்மாவுக்காகவும் அதே கேள்வியைக் கேட்க வேண்டியிருந்தது. நாற்பத்தைந்து வயதான எனக்குக் கிடைத்த விடை ‘வேண்டாம்’ என்பது. எழுபதை நெருங்கிய, சர்க்கரை நோயும் உள்ள அம்மாவுக்குக் கிடைத்த விடை ‘தாராளமாக வைக்கலாம்’ என்பது. நாங்கள் எதிர்பார்த்துப் போனது இதற்கு நேர் எதிரானது. ஒரே வீட்டில் இரண்டு விடைகள் வந்த காரணத்தைப் புரிந்துகொள்ளச் சில மாதங்கள் பிடித்தன. அந்த மாதங்களில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை, முடிவெடுக்க வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். நான் பல் மருத்துவர் அல்லன். உங்கள் வாயைப் பார்க்கும் மருத்துவரிடம் எதை, எப்போது கேட்பது என்பதற்கான வழிகாட்டியாக மட்டும் இதைக் கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்: எது இம்ப்ளான்ட், எது அன்று

பேச்சில் நாம் இம்ப்ளான்ட் என்று சொல்வது உண்மையில் மூன்று பொருள்களின் கூட்டு. எலும்புக்குள் இறங்குவது மரை போட்ட டைட்டானியத் தண்டு. பெரும்பாலும் மூன்றரை முதல் 5 மி.மீ. விட்டமும் 8 முதல் 13 மி.மீ. நீளமும் உடையது. அதன்மேல் ஈறைத் தாண்டி எட்டிப் பார்க்கும் இணைப்புத் துண்டுக்கு அபட்மென்ட் என்று பெயர். அதற்கும் மேலே அமர்வதுதான் கண்ணுக்குத் தெரியும் பல்லான கிரவுன். நம் ஊரில் அதைக் கேப் என்பார்கள்.

டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் என்பது தற்செயலாகக் கண்டறியப்பட்டது. சுவீடனைச் சேர்ந்த பேர்-இங்வார் பிரோனமார்க், 1950களின் தொடக்கத்தில் முயலின் கால் எலும்புக்குள் இரத்த ஓட்டத்தைக் கவனிப்பதற்காக ஒரு டைட்டானியக் கருவியைப் பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்து அதைக் கழற்றப் போனபோது அது எலும்பை விட்டு வரவில்லை. 1965இல் யோதெபோரி நகரில் யோஸ்டா லார்சன் என்பவருடைய பல்லில்லாத கீழ்த்தாடையில் முதல் தண்டுகளைப் பொருத்தினார். லார்சன் 2006இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவற்றைப் பயன்படுத்தினார்.

இந்தக் கதையைச் சொல்லும் விளம்பரங்கள் இன்னொரு பாதியைச் சொல்வதில்லை. இயற்கைப் பல் எலும்பில் நேரடியாகப் பதிந்திருப்பதில்லை. மெல்லிய நார்ப்படலம் ஒன்று அதை எலும்போடு தொங்கவிட்டுப் பிடித்திருக்கிறது. சோற்றில் ஒரு சிறு கல் கடிபட்டவுடன் தாடை தானாக நின்றுவிடுவது அந்தப் படலத்தின் உணர்வினால்தான். இம்ப்ளான்ட்டுக்கு அந்தப் படலம் கிடையாது. ஆகவே அது அழுத்தத்தைச் சரியாக உணராது; சற்றும் அசைந்து கொடுக்காது; சுற்றியுள்ள எலும்பு கரையத் தொடங்கினாலும் வலித்து எச்சரிக்காது. அதற்குச் சொத்தை வராது என்பது உண்மை. ஆனால் ஈறு நோய் வரும், சத்தமில்லாமல் வரும். பின்வரும் படிகள் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறப்பவை.

படி 1: பல் இன்னும் வாயில் இருக்கிறதா?

பிடுங்குவதற்கு முன்பே இதைப் படிப்பவர் கொடுத்துவைத்தவர். ‘எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால், அந்தப் பல்லை ரூட் கேனல் செய்து கேப் போட்டுக் காப்பாற்ற முடியுமா என்பதை முதலில் கேளுங்கள். வேர் நெடுக்காகப் பிளந்திருந்தாலோ, சொத்தை எலும்பு மட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, தாங்கும் எலும்பு பெரும்பகுதி போய்ப் பல் ஆடினாலோ காப்பாற்றுவது கடினம். அவை எதுவும் இல்லாதபோது, சொந்தப் பல்லைவிடச் சிறந்த இம்ப்ளான்ட் எதுவும் இதுவரை செய்யப்படவில்லை.

எடுத்தே ஆகவேண்டும் என்றால் அடுத்த கேள்வியையும் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். பல் போன இடத்தில் எலும்பு சும்மா இருப்பதில்லை. முதல் ஓராண்டுக்குள் அதன் அகலத்தில் ஏறத்தாழப் பாதி சுருங்கக்கூடும். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே நடந்துவிடுகிறது. பின்னாளில் இம்ப்ளான்ட் வைக்கும் எண்ணம் சிறிதளவாவது இருந்தால், பிடுங்கிய குழியில் எலும்புத் தூள் நிரப்பி அந்தச் சுருக்கத்தைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். என் பல்லைப் பிடுங்கியபோது இப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

படி 2: அந்த இடைவெளி உங்களை என்ன செய்கிறது?

போன ஒவ்வொரு பல்லுக்கும் மாற்று வைத்தே ஆகவேண்டும் என்ற விதி இல்லை. இரண்டாம் கடைவாய்ப் பல், அதாவது வரிசையின் கடைசிக்கு முந்தைய பெரிய பல் போயிருந்து, மற்றவை உறுதியாக இருந்தால், அதை அப்படியே விட்டுவிட்டு நன்றாகச் சாப்பிடுகிறவர்கள் ஏராளம். ஞானப் பல் போனால் அந்த இடத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

முதல் கடைவாய்ப் பல்லின் கதை வேறு. ஆறு வயதில் முளைப்பதால் அதைப் பால்பல் என்று எண்ணி அலட்சியமாக விடும் வீடுகள் நிறைய. சொத்தையாகி முதலில் போவதும் பெரும்பாலும் அதுதான். நம் மெல்லும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது. அது போனால் பின்னால் உள்ள பல் முன்னோக்கிச் சாயும். எதிரே மேலே உள்ள பல் கடிக்க ஆளில்லாமல் மெல்லக் கீழே இறங்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, வாயை மூடிக் கடித்தபடி கன்னத்தை ஒரு கரண்டிக் காம்பால் ஒதுக்குங்கள். இடைவெளிக்கு நேர் எதிரே உள்ள பல் பக்கத்துப் பற்களின் மட்டத்தைவிட நீண்டு தெரிகிறதா? ஈறுக்கும் அதற்கும் நடுவே ஒரு சுண்டுவிரல் நுனியாவது நுழையும் போலிருக்கிறதா? பக்கத்துப் பல் இடைவெளிக்குள் தலை சாய்த்திருக்கிறதா? என் வாயில் பார்த்தபோது மூன்றும் தவறாகவே இருந்தன. பதினோரு ஆண்டுகளில் பின்பல் சாய்ந்து இடத்தைச் சுருக்கியிருந்தது. மேல்பல் இறங்கி உயரத்தைத் தின்றிருந்தது. தண்டு வைக்க எலும்பு போதுமானதாக இருந்தாலும், அதன்மேல் முழு அளவுக் கேப் நிற்க இடம் வேண்டாமா?

இடைவெளியால் உங்களுக்கு நேர்வது என்ன என்பதையும் ஒரு வாரம் கவனியுங்கள். ஒரே பக்கமாக மெல்லுகிறீர்களா, சாப்பாடு சிக்குகிறதா, சிரிக்கத் தயங்குகிறீர்களா, ஒன்றுமே தோன்றவில்லையா? ஒன்றும் தோன்றாது, பக்கத்துப் பற்களும் அசையாமல் நிற்கின்றன என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதும் ஒரு சிகிச்சைத் தீர்மானமே.

படி 3: உடலின் கணக்கு

இம்ப்ளான்ட்டுக்கு வயது மேல்வரம்பு கிடையாது, கீழ்வரம்பு உண்டு. தாடை வளர்ந்துகொண்டிருக்கும் பருவத்தில் வைத்தால், மற்ற பற்கள் எலும்போடு சேர்ந்து வளர, இம்ப்ளான்ட் மட்டும் பழைய இடத்திலேயே நின்று குட்டையாகிப் போகும். ஆகவே விபத்தில் முன்பல்லை இழந்த பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இப்போதைக்குக் கழற்றி மாட்டும் பல்லோ, பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டும் பல்லோதான் சரி.

சர்க்கரை நோய் இருப்பது தடையன்று. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய்தான் தடை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை 7க்குப் பக்கத்தில் இருந்தால் மருத்துவர்கள் பெரும்பாலும் தயங்குவதில்லை. 8ஐத் தாண்டிப் போனால் பலர் தள்ளிப்போடச் சொல்வார்கள். என் அம்மாவின் சீட்டில் 8.6 இருந்தது. மருத்துவர் வேலையைத் தொடங்காமல் நான்கு மாதங்கள் காத்திருக்கச் சொன்னார்; அது 7.2க்கு இறங்கியபிறகே தேதி குறித்தார். அந்தக் காத்திருப்பைக் கண்டபிறகுதான் அவர்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுப்பவர்கள் அதைச் சொல்லாமல் விடவே கூடாது. வாரம் ஒருமுறை விழுங்கும் ஆலென்ட்ரோனேட் மாத்திரை, ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி ஆகியவை தாடை எலும்பு ஆறும் விதத்தை மாற்றுகின்றன. அரிதாக, அறுவைக்குப் பிறகு எலும்பு ஆறாமல் செத்துப்போகவும் கூடும். புற்றுநோய்க்காக இவற்றை அதிக அளவில் எடுப்பவருக்கு அந்த ஆபத்து பல மடங்கு. ‘வாரத்துக்கு ஒன்றுதானே, அதைப் போய் எதற்குச் சொல்ல வேண்டும்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் மறைப்பது பெரும்பாலும் இந்த மாத்திரையைத்தான். தலையிலும் கழுத்திலும் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும் அந்த விவரங்களை எழுத்தில் கொண்டு போக வேண்டும்.

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், பல் வேலைக்காக அதைத் தாமாக நிறுத்துவது இம்ப்ளான்ட்டைவிடப் பெரிய ஆபத்து. இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். மாரடைப்போ பக்கவாதமோ வந்து ஆறு மாதங்கள் ஆகாதவர்களும், கருவுற்றிருப்பவர்களும் காத்திருக்கலாம். இது அவசரச் சிகிச்சை அன்று.

படி 4: ஈறும் பழக்கமும்

என் மதிப்பில் முடிவு பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. ஆனால் ஆலோசனையில் மிகக் குறைவான நேரம் கொடுக்கப்படுவதும் இதற்குத்தான்.

உங்கள் பல் எதனால் போனது என்று நினைத்துப் பாருங்கள். சொத்தையாலோ அடிபட்டோ போனது ஒரு வகை. ஈறு வீங்கி, இரத்தம் வந்து, ஆடி ஆடிப் போனது இன்னொரு வகை. இரண்டாவது வகையினருக்கு, பல்லைத் தின்ற அதே நோய் இம்ப்ளான்ட்டைச் சுற்றியும் வரும் வாய்ப்பு கூடுதல். இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காலப்போக்கில் அதைச் சுற்றி எலும்பைக் கரைக்கும் அழற்சி வருவதாக ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. பத்தாண்டுகளில் நூறில் தொண்ணூற்றைந்து தண்டுகள் வாயிலேயே இருக்கின்றன என்ற நல்ல செய்தியும் உண்மைதான். வாயில் இருப்பதும் நலமாக இருப்பதும் வெவ்வேறு.

சரியான ஈறு பரிசோதனை எப்படி இருக்கும் என்பதை நான் இரண்டாவதாகப் போன இடத்தில் கண்டேன். மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மழுங்கிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்ல இறக்கி, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடங்களில் மருத்துவர் எண்களைச் சொல்லச் சொல்ல, உதவியாளர் குறித்துக்கொண்டே வந்தார். மூன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போய்க்கொண்டிருந்த எண்கள், என் மேல் வலது கடைவாயில் திடீரென்று ஆறு, ஏழு என்று எகிறின. மூன்று வரை இயல்பு. ஏழு என்றால் அங்கே எலும்பு இறங்கிவிட்டது என்று பொருள். அதுவரை எனக்கு அந்தப் பக்கம் வலித்ததே இல்லை. முதலில் போன மருத்துவமனையில், அந்தக் கம்பியை எடுக்காமலேயே இம்ப்ளான்ட்டுக்கு நாள் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். ஈறை அளக்காமல் இம்ப்ளான்ட் பேசும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

புகைப்பவருக்கு இம்ப்ளான்ட் தோற்கும் வாய்ப்பு புகைக்காதவரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. புகையிலை போட்ட வெற்றிலையும் பாக்கும் நம் பக்கத்துக்கே உரிய தொல்லை. நெடுங்காலம் பாக்கு மென்றவர்களுக்கு உள்கன்னம் நார் பாய்ந்து விறைத்து, வாய் திறக்கும் அளவு குறைந்துவிடுகிறது. உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால், கடைவாயில் துளையிடும் கருவியை நேராக நிறுத்தவே இடம் இருக்காது. அந்த விறைப்பு புற்றுநோய்க்கு முந்திய நிலையாகவும் இருக்கலாம் என்பதால், பல்லை மறந்து முதலில் அதைக் காட்ட வேண்டும்.

இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உள்ளவருக்கு இம்ப்ளான்ட் வைக்கலாம். ஆனால் தூங்கும்போது மாட்டிக்கொள்ளும் காப்பு உறையும் சேர்ந்தே வரும். அதை மாட்டிக்கொள்வேனா என்று உங்களையே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: எலும்பை அளப்பது

ஓபிஜி என்னும் அகலமான எக்ஸ்ரே நீளத்தையும் உயரத்தையும் காட்டும், அகலத்தைக் காட்டாது. மெலிந்த சுவர் தூரத்திலிருந்து பார்க்கும்போது உயரமாகவே தெரியும் அல்லவா, அதுபோல. அகலத்தை அறியச் சிபிசிடி என்னும் முப்பரிமாண ஸ்கேன் வேண்டும். அதைப் பார்த்து மருத்துவர் சொல்லவேண்டிய எண்கள் சிலவே. 4 மி.மீ. தண்டுக்கு எலும்பின் அகலம் 6 மி.மீ. அளவாவது வேண்டும். பக்கத்துப் பல்லுக்கும் தண்டுக்கும் இடையே ஒன்றரை மி.மீ. இருக்க வேண்டும். கீழ்த்தாடையில் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்புக்கு மேலே குறைந்தது 2 மி.மீ. விட்டு நிறுத்த வேண்டும். மேல்தாடையின் கடைவாயில் நரம்புக்குப் பதிலாகச் சைனஸ் என்னும் காற்றறை இருக்கிறது. அதன் தரை தாழ்ந்திருந்தால் அதை உயர்த்தி எலும்பு நிரப்ப வேண்டியிருக்கும்.

எலும்பு போதாது என்றால் கதை முடிந்துவிடாது. செலவும் மாதங்களும் கூடும். நிரப்பும் எலும்புத் தூள் பல நேரங்களில் மாட்டெலும்பிலிருந்து பதப்படுத்தப்பட்டது. அதை மூடும் சவ்வு பன்றியின் திசுவிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கலாம். செயற்கையான தூளும் கிடைக்கிறது. உங்கள் வீட்டு வழக்கத்தில் இது பொருட்படுத்தத் தக்கது என்றால், கேட்டால்தான் தெரியும்.

ஸ்கேன் எடுத்தபின் படச் சுருளோடு நின்றுவிடாமல், முழுக் கோப்பையும் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். பணம் கொடுத்தவர் நீங்கள்; இன்னொரு மருத்துவரிடம் காட்ட அது போதும்.

படி 6: மற்ற வழிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது

ஒரு பல் போன இடத்துக்கு இம்ப்ளான்ட்டின் உண்மையான போட்டியாளர் பிரிட்ஜ். இருபக்கத்துப் பற்களையும் சீவிக் கேப் போட்டு, நடுவே ஒரு பல்லைத் தொங்கவிடுவதுதான் அது. பத்தாண்டுகளில் நூறில் தொண்ணூறு அளவில் நிலைக்கிறது. இம்ப்ளான்ட்டைவிட விரைவில், இரண்டு மூன்று வாரங்களில் முடிந்துவிடுகிறது. குறை என்னவென்றால், ஒரு பல்லுக்காக இரண்டு பற்களைச் சீவ வேண்டும். அவற்றுள் ஒன்று சொத்தையானாலும் மூன்றும் போகும்.

ஆகவே பக்கத்துப் பற்களைப் பாருங்கள். இரண்டும் சீண்டப்படாத நல்ல பற்கள் என்றால் அவற்றைச் சீவுவது பாவம், இம்ப்ளான்ட் முந்துகிறது. இரண்டுக்கும் எப்படியும் கேப் போட வேண்டிய நிலை என்றால் பிரிட்ஜ் முந்துகிறது. என் பின்பல் ஏற்கெனவே ரூட் கேனல் ஆகிக் கேப்புக்குக் காத்திருந்தது. இடைவெளிக்கு முன்னால் உள்ள பல்லில் பாதிக்கு மேல் அடைப்பு. அதோடு இடமும் சுருங்கியிருந்தது. ஈறைச் சரிசெய்தபின், சுருங்கிய இடத்துக்கு ஏற்ற சிறிய பல்லோடு பிரிட்ஜே எனக்குப் பொருத்தம் என்று இரண்டாவது மருத்துவர் சொன்னார். இம்ப்ளான்ட் வைத்தால் அவருக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்பதையும் நான் கவனித்தேன்.

கழற்றி மாட்டும் சிறிய பல் செட் மலிவு, எலும்பைத் தொடாது. ஆனால் சிலர் ஒரு மாதத்தில் மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். முன்பல் ஒன்று போன இளைஞருக்கு, பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒரு மெல்லிய சிறகால் ஒட்டும் பல் நல்ல வழி. முன்பல் இம்ப்ளான்ட்டில் ஈறின் கோடு அரை மில்லிமீட்டர் ஏறினாலும் சிரிப்பில் தெரியும். ஆகவே அங்கே அனுபவம் மிக்க கை வேண்டும்.

எல்லாப் பற்களும் போனவர்களுக்குக் கணக்கு முற்றிலும் வேறு. மேல் பல் செட் அண்ணத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கீழ் பல் செட்டுக்கு அப்படியொரு பிடிமானம் இல்லை, நாக்கு வேறு அதைத் தூக்கிவிடும். என் அம்மா கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்காரும் முன் கீழ்ச் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்வார். சாம்பார் சாதத்தை ஈறாலேயே மசித்து விழுங்கிவிட்டு, கை கழுவும் இடத்தில் மறுபடி மாட்டிக்கொள்வார். இத்தகையவர்களுக்குக் கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் இரண்டே தண்டுகள் வைத்து, அவற்றில் பட்டன் போல் பல் செட்டைப் பொருத்துவதே அடிப்படைத் தேர்வாக இருக்க வேண்டும் என்று, 2002இல் கனடாவின் மாண்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் பரிந்துரைத்தார்கள். அந்த முன்பகுதியில் எலும்பு பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். உதட்டுக்குப் போகும் முதன்மை நரம்பும் அங்கே குறுக்கே வராது. நான்கு தண்டுகளில் கழற்ற முடியாத முழு வரிசையை நிறுத்தும் முறையும் உண்டு; அது விலை கூடியது, சுத்தம் செய்யக் கைத்திறன் கேட்பது. எழுபது வயதுக் கைகளுக்குக் கழற்றிக் கழுவும் வகையே எளிது என்று எனக்குத் தோன்றியது.

படி 7: செலவுச் சீட்டைப் படிப்பது

முதல் மருத்துவமனையில் எனக்குக் கிடைத்த சீட்டில் ஒரே வரி: ‘இம்ப்ளான்ட் – 18,000’. அபட்மென்ட், கேப், ஸ்கேன், எலும்புத் தூள், தற்காலிகப் பல் ஆகியவை இதில் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோது, அது 43,000 ரூபாயில் வந்து நின்றது. பொய் சொல்லவில்லை, தண்டின் விலை 18,000 என்பது உண்மைதான். ஆகவே முழு வேலைக்கும் வரிவரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தண்டு எலும்போடு ஒட்டாமல் வந்துவிட்டால் இரண்டாவது முறை யார் செலவு என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பிராண்டின் பெயரையும் கேளுங்கள். சுவிட்சர்லாந்தின் ஸ்ட்ராமன், சுவீடனில் பிறந்த நோபெல் பயோகேர், கொரியாவின் ஆஸ்டெம் போன்றவை நம் ஊரில் புழங்குகின்றன. விலையைவிட முக்கியமானது, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சிறு ஸ்க்ரூ உடைந்தால் அதே அளவில் மாற்று கிடைக்குமா என்பது. இந்தியாவில் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள், விபத்தினால் அன்றி வேறு காரணத்தால் போன பல்லுக்குப் பணம் தருவதில்லை. பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதுநிலை மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வதால் செலவு குறையும், அலைச்சல் கூடும்.

படி 8: யார் கையில், எத்தனை மாதங்களில்

இந்தியாவில் இம்ப்ளான்ட்டுக்கென்று தனி முதுநிலைப் பட்டப் பிரிவு கிடையாது. செயற்கைப் பல் கட்டும் துறை, ஈறு மருத்துவம், வாய் முக அறுவை ஆகிய மூன்று துறையினரும், பயிற்சி பெற்ற பொதுப் பல் மருத்துவர்களும் இதைச் செய்கிறார்கள். ஆகவே பெயர்ப் பலகையில் உள்ள சொல்லைவிட, ‘தண்டு வைப்பவர் யார், கேப் கட்டுபவர் யார், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஈறு வீங்கினால் நான் வரவேண்டியது யாரிடம்?’ என்ற கேள்வியே பயன் தரும். மாதம் ஒருமுறை வந்து தண்டு வைத்துவிட்டுப் போகும் வருகை மருத்துவர்கள் திறமையானவர்களாகவே இருக்கலாம். மூன்றாவது கேள்விக்கு விடை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தண்டு வைப்பது மரத்துப்போகும் ஊசியில் அரை மணி முதல் ஒரு மணி நேர வேலை. பல் பிடுங்குவதைவிடக் குறைவாகவே வலித்ததாக அம்மா சொன்னார். துளையிடும்போது உப்புநீர் விடாமல் ஊற்றப்படுவது எலும்பு சூடாகாமல் இருக்க. 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு பாதிக்கப்படும். அதன்பிறகு கீழ்த்தாடையில் மூன்று மாத அளவும், எலும்பு மென்மையான மேல்தாடையில் ஆறு மாதம் வரையும் காத்திருப்பதே பழைய ஒழுங்கு. தண்டு மிக உறுதியாகப் பிடித்துவிட்டால் அன்றைக்கே தற்காலிகப் பல் வைப்பதும் உண்டு. அதை வாக்குறுதியாக முன்கூட்டியே தருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள், பிடிமானம் எவ்வளவு என்பது துளையிட்டபின்தான் தெரியும். மறுநாளும் உதடோ தாடையோ மரத்தே இருந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

வளைகுடாவிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ மூன்று வார விடுப்பில் வந்து எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு போக நினைப்பவர்களுக்கு: ஒரு விடுப்பில் தண்டு, அடுத்த விடுப்பில் கேப் என்று திட்டமிடுங்கள். இடையில் தொல்லை வந்தால் அங்கே காட்ட, தண்டின் பிராண்ட், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை கையில் இருக்க வேண்டும். அட்டை தர மறுக்கும் இடத்தில் தொடங்கவே வேண்டாம்.

படி 9: வைத்தபின் வரும் ஆண்டுகளை இப்போதே எண்ணிப் பார்ப்பது

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகை, ஓராண்டு முடிவில் ஓர் எக்ஸ்ரே, அன்றாடம் பல்லிடைத் தூரிகை. இவை இல்லாமல் இம்ப்ளான்ட் இல்லை. முதல் ஆண்டில் சுற்றியுள்ள எலும்பு ஒரு மி.மீ. அளவு இறங்குவது இயல்பு. அதன்பிறகு ஆண்டுக்கு 0.2 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பதே நெடுநாளைய அளவுகோல். துலக்கும்போது அந்த ஒரு பல்லில் மட்டும் இரத்தம் கசிந்தால், வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். கேப்பை ஒட்டுவதா, ஸ்க்ரூ போட்டு முறுக்குவதா என்றும் முன்கூட்டியே கேளுங்கள். ஒட்டும்போது வழியும் சிமெண்ட் ஈறுக்கடியில் தங்கிவிட்டால், பின்னாளில் அழற்சிக்கு அதுவே காரணமாகலாம். முறுக்கிய கேப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி போடலாம்.

அம்மாவின் கீழ்ச் செட்டில் இரண்டு நைலான் வளையங்கள் இருக்கின்றன. தேய்ந்துபோனால் பிடி தளரும், மாற்ற வேண்டும். அவர் அதை ஒலியைக் கொண்டு கண்டுபிடிக்கிறார். காலையில் செட்டை வைத்து விரலால் அழுத்தும்போது ‘டிக்’ என்று இரண்டு முறை கேட்க வேண்டும். சென்ற மாதம் ஒரு பக்கம் கேட்கவில்லை என்று சொல்லி, என்னை எழுப்பாமலேயே, பர்ஸில் ரேஷன் கார்டோடு வைத்திருக்கும் அந்த ஸ்டிக்கர் அட்டையை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போய் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.